ஸ்தோத்திரக் காணிக்கைப் பட்டியலை ஆராதனையில் வாசிப்பதை நிறுத்தலாமா?

தேரிக்காடு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகர கமிட்டியில், அதாவது சபை நிர்வாகக் குழுவில், ஒரு பேச்சு வந்திருக்கிறது, அடுத்த கூட்டத்துக்குள் நான் ஏதாவது ஒரு பக்கம் நின்றாக வேண்டும், அதனால்தான் இங்கே கேட்கிறேன். தென்மாவட்ட சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில், அந்த வாரம் ஸ்தோத்திரக் காணிக்கை கவர் கொடுத்தவர்களின் பட்டியலை வாசிப்பார்கள். மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததற்காக இன்னார் குடும்பத்தார் ரூபாய் 1000, முதுகு ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக இன்னார் 500, பெயர் சொல்ல விரும்பாத சகோதரி 50, இப்படிப் போகும்.

வாலிபர் சங்கத்தில் இருந்து வந்திருக்கிற கோரிக்கை என்னவென்றால், இதை மொத்தமாக நிறுத்திவிட்டுத் திரையில் போட்டுவிடலாம், மிச்சமாகிற நேரத்தில் இன்னும் இரண்டு துதிப் பாடல்கள் பாடலாம் என்பது. பெரியவர்கள் பாதிப் பேர் கொதிக்கிறார்கள். எனக்குத் தொகையை வாசிப்பது பிடிக்கவில்லை, அதை வெளிப்படையாகவே சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு அம்மா பீடி சுற்றிப் பிழைப்பவர், பேரன் காய்ச்சல் சுகமானதற்கு இருபது ரூபாய் கொடுக்க ஆசைப்பட்டு, '1000, 2000 என்று வாசிக்கிற இடத்தில் என் இருபதையும் வாசிப்பார்களே' என்று கவரே போடாமல் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டார். அவர் நன்றி சொன்னது சபைக்குத் தெரியவே இல்லை. ஆனால் பெயரையும் காரணத்தையும் சேர்த்து நிறுத்துவது வேறு விஷயம் என்று நினைக்கிறேன், அங்கேதான் எனக்கு உங்கள் யோசனை வேண்டும்.

பனைமரத்தடி:
தங்கச்சி, நான் பல வருஷம் சபைப் பொருளாளராக இருந்தவன். தொகையை ஏன் வாசிக்க ஆரம்பித்தார்கள் என்பதை வாலிபர்கள் யோசிக்க வேண்டும். ரசீது புத்தகம் எல்லாம் ஒழுங்காக இல்லாத காலத்தில் இதுதான் தணிக்கை. கொடுத்தவன் 500 கொடுத்தான், வாசித்தது 500, கணக்கில் ஏறியது 500. வாசிக்காமல் விட்ட அன்றைக்கே கொடுத்தவன் எழுந்து கேட்பான். இப்போதும் எத்தனை சபைகளில் பணத் தகராறு கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கவரில் வாங்கி, யாருக்கும் சொல்லாமல் உள்ளே வைத்துக்கொள்கிற ஏற்பாடு கேட்க நன்றாக இருக்கும், கைசுத்தமில்லாதவன் பொறுப்புக்கு வந்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று, மாற்கு 12இல் இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிராகவே உட்கார்ந்து ஜனங்கள் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதவை போட்டது இரண்டு காசு என்று வேதமே எண்ணிச் சொல்கிறது. தொகையைச் சொல்வதே பாவம் என்கிற மாதிரிப் பேச வேண்டாம்.

வேதபாடம்:
ஐயா சொல்கிற தணிக்கை நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மாற்கு 12இல் இயேசு சீஷர்களை அழைத்துச் சொன்னது, அவள்தான் எல்லாரையும்விட அதிகமாகப் போட்டாள் என்பது. நம் பட்டியலில் அந்த விதவை கடைசியில் வருவாள் அல்லது 'மற்றும் சிலர்' என்பதற்குள் போய்விடுவாள். அது ஒருபக்கம் இருக்கட்டும்.

நான் லேவியராகமம் 7ஐக் கொண்டுவர விரும்புகிறேன், நம் ஆட்கள் அநேகமாகத் தாண்டிப் போகிற அதிகாரம். பழைய ஏற்பாட்டு மிருகபலிகளில் ஒன்றான சமாதானபலியில் வகைகள் உண்டு. பொருத்தனைக்காகவோ (நேர்ந்துகொண்டதற்காகவோ) உற்சாகமாகவோ செலுத்துகிற பலியின் இறைச்சியை மறுநாள் வரைக்கும் வைத்துச் சாப்பிடலாம். ஸ்தோத்திர பலிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. செலுத்திய அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும், விடியற்காலம் வரைக்கும் ஒன்றும் மிச்சம் இருக்கக்கூடாது. அதோடு புளிப்பில்லாத அதிரசங்கள், அடைகள், புளித்த மாவினால் செய்த அப்பம் எல்லாம் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். ஒரு மிருகத்தின் இறைச்சி, இவ்வளவு பலகாரம், எப்படி ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்னும்? ஊரைக் கூப்பிட்டாக வேண்டும். சட்டம் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பது உண்மைதான், ஆனால் நடைமுறையில் அது அப்படித்தான் முடிந்திருக்கும். கூப்பிட்டுச் சாப்பாடு போட்டால் 'என்ன விசேஷம்' என்று கேட்பார்கள், நீங்கள் சொல்லியாக வேண்டும். 22ஆம் சங்கீதத்தின் கடைசிப் பகுதியில் இதே காட்சி இருக்கிறது: துன்பத்திலிருந்து தப்பியவன் மகா சபையில் துதிக்கிறான், உடனே எளியவர்கள் புசித்துத் திருப்தியடைகிறார்கள். 116ஆம் சங்கீதக்காரனும் ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாகத்தான் பொருத்தனையை நிறைவேற்றுவேன் என்கிறான். அறைக்குள் செய்கிற நன்றியும் உண்டு, ஆனால் ஸ்தோத்திர பலி என்பது ஆரம்பத்திலிருந்தே ஊர் அறியச் செய்கிற காரியம். அதனால் பெயரையும் காரணத்தையும் நிறுத்தாதீர்கள் அக்கா.

தேரிக்காடு:
தம்பி, அசனம், அதான் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து, ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கம் பண்டிகை அசனத்தில் வட்டிலைத் தூக்கிக்கொண்டு வராத வீடு கிடையாது, ஏக்கர் கணக்கில் தோட்டம் வைத்திருக்கிறவரும் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவரும் அதே சோறு, அதே குழம்பு. யார் வீட்டு அரிசி, யார் வீட்டு ஆடு என்று பரிமாறும்போது யாரும் சொல்வதில்லை. அதுதான் நான் சொல்ல வந்ததும். கொடுத்தது தெரிய வேண்டாம், கிடைத்த நன்மை தெரியட்டும்.

பெரம்பூர் சகோதரி:
நான் பெந்தெகொஸ்தே சபை, உங்கள் கவர் முறை எங்களிடம் இல்லை. எங்களுக்குச் சாட்சி நேரம்தான். ஆராதனை நடுவில் யார் வேண்டுமானாலும் எழுந்து வந்து மைக் பிடித்து, கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சொல்லலாம். நீங்கள் இதை அமைப்பு இல்லாத ஆராதனை என்று நினைக்கலாம், நான் அதில் பார்ப்பதைச் சொல்கிறேன். எங்கள் சபையில் வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்கள் நிறைய. வாரம் முழுக்க வேலை செய்கிற வீட்டில் 'சரிம்மா, சரிங்கய்யா' என்பதைத் தவிர அவர்கள் வாயிலிருந்து வேறு வார்த்தை வராது. ஞாயிற்றுக்கிழமை அந்த மைக் முன்னால் நின்று, வீட்டுக்காரர் குடியை விட்டு இத்தனை நாள் ஆயிற்று, வாடகை பாக்கி அடைந்தது, மகள் பத்தாவது பாஸ் என்று சொல்லும்போது சபை மொத்தமும் 'அல்லேலூயா' என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒரு பொது இடத்தில் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எடுத்துச் சொல்ல வேறு எங்கே மேடை இருக்கிறது? அதனால் உங்கள் வாலிபர்களிடம் சொல்லுங்கள், திரையில் ஓடுகிற பெயர் நன்றி ஆகாது. யாராவது வாயால் சொல்ல வேண்டும், யாராவது ஆமென் சொல்ல வேண்டும். பவுல் 1 கொரிந்தியர் 14இல் கேட்கிறாரே, நீ ஸ்தோத்திரம் பண்ணுவது புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவன் எப்படி ஆமென் சொல்லுவான் என்று. அந்நிய பாஷையைப் பற்றித்தான் சொன்னார், ஆனால் எங்கள் ஆட்களுக்கும் உங்கள் ஆட்களுக்கும் சேர்த்தே பொருந்தும்.

துதிப் பாடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் ஸ்தோத்திரங்கள் புத்தகத்தை வைத்து உபவாசக் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது மனது எவ்வளவு திடமாகிறது என்பது சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பாட்டு மட்டும் போதாது. 136ஆம் சங்கீதத்தில் 26 வசனத்திலும் அவர் கிருபை என்றுமுள்ளது என்று வருகிறது, அதற்கு முன்னால் ஒவ்வொரு வசனத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது: வானத்தை உண்டாக்கினார், கடலைப் பிரித்தார், ராஜாக்களை முறியடித்தார், மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறார். சங்கதியை எடுத்துவிட்டு அந்தப் பின்பாதியை மட்டும் கீபோர்டோடு அரைமணி நேரம் பாடுகிற பழக்கம் எங்கள் சபைகளில்தான் முதலில் வந்தது, அதை நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கண்ணாடி வளையல்:
இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் எனக்குக் குழந்தை இல்லை. எங்கள் சபையிலும் பட்டியல் வாசிப்பார்கள். 'குழந்தை பாக்கியம் தந்ததற்காக' என்று வாசிக்கும்போது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பாவம் என்றுதான் பார்க்கிறார்கள், ஆனாலும் அந்தப் பார்வை போதும்.

அதற்காக வாசிப்பை நிறுத்துங்கள் என்று நான் கேட்க மாட்டேன். அந்தக் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுகிறவள்தான் நானும், அவர்கள் வீட்டுச் சந்தோஷத்தில் எனக்குப் பங்கு உண்டு. நோக வைப்பது வேறு. கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற வியாக்கியானம். 'விசுவாசத்தோடு விடாமல் ஜெபித்தோம், கர்த்தர் கொடுத்தார்.' அப்படியானால் எனக்கு விசுவாசம் இல்லை, நான் விட்டுவிட்டேன் என்று ஆகிறதே. நன்றி சொல்கிறவர்கள் கர்த்தர் செய்ததை மட்டும் சொல்லட்டும், தாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டாம். இன்னொன்றும் கேட்பேன். பட்டியல் வாசித்து முடித்ததும், இதே நன்மைக்காக இன்னும் காத்திருக்கிறவர்களுக்காக ஒரு வரி ஜெபம் பண்ணுங்கள். ஒரு வரி போதும், அதில் என் பெயர் வரவே வேண்டாம்.

வேதபாடம்:
அக்கா சொன்னதற்குப் பிறகு எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் ஒன்று. வேதத்தில் கர்த்தர் ஏற்றுக்கொள்ளாத ஜெபம் ஒன்று 'ஸ்தோத்திரிக்கிறேன்' என்றுதான் வருகிறது, லூக்கா 18இல் பரிசேயன் செய்தது. மற்ற மனுஷரைப் போல நான் இல்லை, இந்த ஆயக்காரனைப் போல இல்லை, வாரத்தில் இரண்டு தரம் உபவாசிக்கிறேன், தசமபாகம் கொடுக்கிறேன், அதனால் நன்றி. பக்கத்தில் நிற்கிறவனை அளவுகோலாக வைத்துச் சொன்ன நன்றி. முந்தின அதிகாரத்திலேயே குஷ்டரோகிகள் பத்துப் பேர் வருகிறார்கள், திரும்பி வந்தவன் ஒருவன்தான், அவனும் சமாரியன். உரத்த சத்தத்தோடே மகிமைப்படுத்தினான் என்று எழுதியிருக்கிறது. நான் திரும்பி வந்தேன், மற்றவர்கள் வரவில்லை என்ற பேச்சே அவனிடம் இல்லை.

மட்டுநகர்:
நான் மட்டக்களப்பு, மெதடிஸ்த சபை. 1814இல் வில்லியம் ஓல்ட் வந்து ஆரம்பித்த மிஷனின் வழி வந்தவர்கள் நாங்கள். வளையல் அக்கா எழுதினதை வாசித்ததும் இதைச் சொல்லவேண்டும்போல இருந்தது.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள். அந்த வருஷக் கடைசி இராத்திரி ஆராதனை வெள்ளிக்கிழமை வந்தது, கடல் வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, எங்கள் ஆட்களில் சிலரின் உடல் அப்போதும் கிடைக்கவில்லை. வருஷக் கடைசி ஆராதனை என்றால் உங்களுக்குத் தெரியும், முழுக்க நன்றி. கடந்த வருஷம் காத்தீர், நடத்தினீர் என்றுதான் பாட்டெல்லாம் இருக்கும். எங்கள் போதகர் அந்தப் பாட்டுகளை எடுக்கவில்லை. 88ஆம் சங்கீதத்தை வாசித்தார். சங்கீதங்களில் புலம்பல் நிறைய உண்டு, ஆனால் அநேகமாக எல்லாமே கடைசியில் துதியிலோ நம்பிக்கையிலோ போய் முடியும், 88 அப்படி முடியாது, இருளோடே நின்றுவிடும். வாசித்துவிட்டு, பேச விரும்புகிறவர்கள் பேசலாம், அழ விரும்புகிறவர்கள் அழலாம் என்றார்.

கன நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு ஐயா எழும்பினார், மனைவியை இழந்தவர். தன்னுடைய மகனைத் தண்ணிக்குள்ளால் இழுத்துக் கரை சேர்த்த பக்கத்து முஸ்லிம் பொடியனுக்காகக் கர்த்தருக்கு நன்றி என்றார். இன்னொருவர், தங்கச்சியின் உடல் கிடைத்தது, அடக்கம் பண்ண முடிந்தது, அதற்கு நன்றி என்றார். முகாமில் சமைத்தவர்களுக்கு நன்றி, பாயும் போர்வையும் கொண்டுவந்த தென்பகுதி சிங்களச் சனத்துக்கு நன்றி என்று ஒவ்வொருவராக எழும்பினார்கள். 'என்னை மட்டும் காத்தீர்' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது, பக்கத்து வாங்கில் இடம் வெறுமையாக இருந்தது. 2019 உயிர்த்த ஞாயிறன்று எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் செத்தபோது, 'நாங்கள் அன்றைக்கு வேறு கோயிலுக்குப் போனோம், கர்த்தர் தப்புவித்தார்' என்று சிலர் சொன்னதைக் கேட்டேன். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். தப்பினதற்கு நன்றி சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும், ஆனால் அந்தத் தாய் பக்கத்தில் இருந்து கேட்கக்கூடிய மாதிரிச் சொல்ல வேண்டும்.

தேரிக்காடு:
அண்ணா, இதை எங்கள் கமிட்டியில் வாசித்துக் காட்டலாமா?

மட்டுநகர்:
தாராளமாக. சபையின் பெயர் மட்டும் வேண்டாம்.

நாகைக் கரை:
நான் கத்தோலிக்கன். எங்களிடம் இது திருப்பலிக் கருத்து, அதாவது பூசையை எதற்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்பது, என்று இருக்கிறது. பூசைக்கு முன்னால் இன்றைய கருத்துகள் என்று வாசிப்பார்கள், இன்னார் குடும்பத்தின் நன்றித் திருப்பலி, இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று. தொகையை வாசிப்பது கிடையாது, வாசிக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் ஒரு திருப்பலிக்கான காணிக்கை இவ்வளவு என்று ஆயர்கள் நிர்ணயித்து வைத்திருக்கிறார்கள். கையில் காசு இல்லாத ஏழைகளின் கருத்துக்காகவும் திருப்பலி நிறைவேற்ற வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே குருக்களுக்கு வலியுறுத்திச் சொல்கிறது. பனைமரத்தடி ஐயாவின் தணிக்கைக் கவலைக்குப் பதிவேடு உண்டு, எந்தக் கருத்துக்கு எவ்வளவு வாங்கினார், எப்போது நிறைவேற்றினார் என்று எழுதியாக வேண்டும்.

ஊர் அறிய நன்றி சொல்வதில் எங்களுக்கு வெட்கம் கிடையாது. வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருள்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். வெள்ளியில் செய்த கால், கண், தொட்டில், வீடு, கப்பல். சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் வைத்தது. எனக்கு அங்கே பிடித்தது என்னவென்றால், கோடீஸ்வரன் வைத்த தங்கமும் மீனவன் வைத்த சிறு வெள்ளிப் படகும் ஒரே கூரைக்குள் இருக்கின்றன.

ஆனால் இவை எல்லாம் ஓரத்தில் இருப்பவை. திருப்பலியின் நடுவில் குரு, நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம் என்பார், நாங்கள் அது தகுதியும் நீதியும் ஆனதே என்போம். அன்றைக்கு என் வீட்டில் சாவு நடந்திருந்தாலும் இதைத்தான் சொல்கிறேன். மட்டுநகர் அண்ணன் எழுதியதோடு இதை எப்படிப் பொருத்துவது என்று யோசித்துப் பார்த்தேன். இயேசு அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தியது காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில்தான். வெளியே போகிறவன் யார் என்று தெரிந்தும் செலுத்தினார். பாட்டுப் பாடிவிட்டுத்தான் ஒலிவ மலைக்குப் போனார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். என்னால் அந்த நன்றியைச் சொல்ல முடியாத நாளில் சபை எனக்காகச் சொல்கிறது, நான் ஆமென் மட்டும் சொன்னால் போதும், அதுவும் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்வார்.

வேதபாடம்:
நாகை அண்ணன் சொன்னதைப் பார்த்ததும் நம் ஜெபப்புத்தகத்தில் ஒன்றைத் தேடி எடுத்தேன். ஆங்கிலிக்கன் சபை 1662இல் ஜெபப்புத்தகத்தைத் திருத்தியபோது பொதுவான ஸ்தோத்திர ஜெபம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள், நாரிச் பேராயர் எட்வர்ட் ரெனால்ட்ஸ் எழுதியதாகச் சொல்வார்கள். சிருஷ்டிப்பு, பாதுகாப்பு, மீட்பு, கிருபையின் வழிகள், மகிமையின் நம்பிக்கை என்று எல்லாருக்கும் பொதுவான நன்மைகள் வரிசையாக வரும். அதன் நடுவில், அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருக்கிறது: சமீபத்தில் பெற்ற இரக்கங்களுக்காக இப்போது துதி செலுத்த விரும்புகிறவர்களுக்குச் செய்தவற்றுக்காகவும் என்ற பொருளில். ஓரக்குறிப்பு இன்னும் முக்கியம். முன்பு யாருக்காகச் சபை ஜெபித்ததோ, அவர்கள் நன்றி செலுத்த விரும்பும்போது இதைச் சொல்ல வேண்டும் என்கிறது.

இதுதான் என் விடை. சபை ஜெபித்தது, அதனால் என்ன ஆயிற்று என்று கேட்கிற உரிமை சபைக்கு உண்டு. 2 கொரிந்தியர் 1:11இல் பவுலும் இதையேதான் சொல்கிறார், அநேகர் ஜெபித்தால் அநேகர் ஸ்தோத்திரம் செலுத்துவார்கள் என்று. போன மாதம் 'ஆப்பரேஷனுக்காக ஜெபியுங்கள்' என்று வாசித்துவிட்டு, முடிந்ததைத் திரையில் ஓட விட்டால் எப்படி? அறிவிப்பு நேரத்தில் கரண்ட் பில், சங்கக் கூட்டம் இவற்றோடு கலந்து வாசிப்பதுதான் தவறு. அந்த ஸ்தோத்திர ஜெபத்துக்கு முன்னால் கொண்டுபோய் வையுங்கள்.

பனைமரத்தடி:
இடத்தை மாற்றுவது நல்ல யோசனை, எனக்குச் சம்மதம். தொகையை வாசிக்காமல் இருப்பதற்கும் ஒத்துக்கொள்கிறேன், ரசீது கட்டாயம் என்றால். ஆனால் அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடுகிறோமே, அதை என்ன செய்யப் போகிறீர்கள்? அங்கேயும் தொகைதான் சத்தமாகக் கேட்கும். ஒரு பூசணிக்காயை 5000க்கு எடுத்துவிட்டு, திரும்ப ஏலத்துக்கே கொடுக்கிறவர் இருக்கிறார். முதல் காய்ப்புத் தேங்காயைக் கொண்டுவந்த ஏழை விவசாயிக்கு அதை எடுத்துத் திரும்பக் கொண்டுபோக வழியில்லை. எனக்கு ஏலம் பிடிக்கும், அந்தச் சத்தமும் சிரிப்பும் பிள்ளைகள் ஓட்டமும் இல்லாமல் பண்டிகை இல்லை. உபாகமம் 26இல் முதற்பலனைக் கூடையில் கொண்டுவந்து வைத்த பிறகு, லேவியனும் அந்நியனும் கூடச் சந்தோஷப்பட வேண்டும் என்றிருக்கிறது. அந்தச் சந்தோஷம் ஏலத்தில் இருக்கிறது, ஆனால் போட்டியும் இருக்கிறது.

பெரம்பூர் சகோதரி:
ஐயா, சில காய்கறிகளை ஏலத்துக்கு விடாமல் அசனத்துக்கே எடுத்துக்கொள்ளலாமே. கொண்டுவந்தவரும் சாப்பிடுவார்.

தேரிக்காடு:
கூட்டம் முடிந்தது. தொகையை இனி வாசிப்பதில்லை. மாதக் கடைசியில் ரசீது எண்ணும் தொகையும் மட்டும், பெயர் இல்லாமல், அறிவிப்புப் பலகையில் போடுவோம், கொடுத்தவர் தன் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். பெயரும் காரணமும் விரும்பினால் மட்டும், ஸ்தோத்திர ஜெபத்துக்கு முன்னால், ஐயரே (எங்கள் போதகர்) வாசிப்பார். கவர் இல்லாமல், காசு இல்லாமல் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் வாசிக்க வேண்டும் என்று நான் கேட்டேன், அதற்குத்தான் அதிக நேரம் வாதம் போயிற்று, கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். வளையல் சகோதரி, காத்திருக்கிறவர்களுக்கான ஜெபத்தை ஐயர் தானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். வாலிபர்கள் கேட்ட இரண்டு பாட்டில் ஒன்று கிடைத்திருக்கிறது, பட்டியல் வாசித்து முடித்ததும் எல்லாரும் சேர்ந்து பாடுகிற மாதிரி. ஏலம் அடுத்த கூட்டத்துக்குப் போயிருக்கிறது, பூசணிக்காய் எடுக்கிறவரும் கமிட்டியில் இருக்கிறார்.

பீடி சுற்றுகிற அம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். பேரன் காய்ச்சல் சுகமானது பழைய சங்கதியாயிற்றே, இப்போது கொடுக்கலாமா என்று கேட்டார்.

கண்ணாடி வளையல்:
கொடுக்கச் சொல்லுங்கள் அக்கா. ஐயர் எழுதுகிற ஜெபத்தை இங்கே போட முடிந்தால் போடுங்கள், எங்கள் சபையிலும் கேட்டுப் பார்க்கிறேன்.

பனைமரத்தடி:
தங்கச்சி, ரசீது எண்ணைக் கவரின் மேலும் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பலகையோடு ஒத்துப்போகாது. காசில்லாத சீட்டுகளைத் தனி நோட்டில் ஒட்டி வையுங்கள், கவரோடு கலந்தால் கணக்குப் பார்க்கிறவர் குழம்புவார்.